எழுதத் தெரியாதவர்களின் கப்பல்

சிசிலித் தீவில் ஒரு சிற்றூர். மரக்ராத்ஸியா என்ற கிழவியின் இரண்டு மகன்களும் அமெரிக்கா போய்ப் பதினான்கு வருஷம் ஆகிறது. ஒரு கடிதம் இல்லை. ஊரிலிருந்து யார் கப்பலேறக் கிளம்பினாலும் அவர்கள் கையில் ஒரு கடிதத்தைத் திணித்துவிடுவாள். அவளுக்கு எழுத வராது. பக்கத்துவீட்டு நின்ஃபரோசாதான் அவள் சொல்லச் சொல்ல எழுதித் தருவாள். ஒரு நாள் ஊருக்குப் புதிதாக வந்த இளம் டாக்டர் அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்க்கிறார். அதில் ஒரு சொல்கூட இல்லை. வெறும் கிறுக்கல். இத்தனை வருஷமும் கடல் தாண்டிப் போனதெல்லாம் கிறுக்கல்தான்.

கிழவிக்குக் கோபம் வருகிறது. கூடவே ஒரு நிம்மதியும் வருகிறது, அதுதான் கதையின் கொடூரம். பிள்ளைகள் பதில் போடாததற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டதே! அவர்கள் மேல் தப்பில்லை.

லூயிஜி பிரான்டெல்லோ 1905ல் எழுதிய 'இன்னொரு மகன்' என்ற சிறுகதை இது. கதை இதோடு முடியவில்லை. அவளுக்கு மூன்றாவதாக ஒரு மகன் அதே ஊரில் இருக்கிறான். அம்மாவை வைத்துக் காப்பாற்றத் தயாராகவும் இருக்கிறான். ஆனால் அவனை அவள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஏன் என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். 1860ல் இத்தாலியை ஒன்றாக்கப் போரிட்ட கரிபால்டி வந்தபோது சிறைக்கதவுகள் திறந்துவிடப்பட்டதிலிருந்து அந்தக் கதை தொடங்குகிறது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

இத்தாலியிலிருந்து வெளியேறியவர்களைப் பற்றிய புத்தகங்களை வரிசையாக வைத்துப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கிறுக்கல் காகிதம்தான் நினைவுக்கு வரும். உலகிலேயே மிகப் பெரிய இடப்பெயர்வுகளில் ஒன்று அது. போனவர்களில் ஏராளமானோருக்கு எழுதத் தெரியாது. அப்படியானால் இந்தக் கதையை எழுதியது யார்? இத்தாலியப் புலம்பெயர் நூல்களைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்வியைவிட நல்ல சாவி எனக்குக் கிடைக்கவில்லை.

முதலில் கொஞ்சம் கணக்கு. இத்தாலி ஒரே நாடானது 1861ல். அப்போது அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 2.2 கோடி. 1876ல்தான் வெளியேறுபவர்களை அரசு எண்ணத் தொடங்கியது. அதிலிருந்து 1915 வரை ஏறத்தாழ 1.4 கோடிப் பேர் வெளியேறியிருக்கிறார்கள். 1913 என்ற ஒரே ஆண்டில் மட்டும் 8.7 லட்சம் பேர். எல்லோரும் போனவர்கள் போனவர்களாகவே இருந்துவிடவில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குப் போனவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் திரும்பி வந்தார்கள். அர்ஜென்டினாவுக்குப் போனவர்களில் ஒரு கூட்டத்துக்கு 'தகைவிலான்கள்' என்றே பெயர். இங்கே அறுவடை முடிந்ததும் அங்கே போய் அங்குள்ள அறுவடையில் வேலை செய்துவிட்டு, மறுபடி ஊர் திரும்பும் பறவைகள்.

இத்தாலியக் குடியேறிகள் என்றதும் எல்லோரும் சிசிலியை நினைப்பார்கள். ஆனால் முதலில் கிளம்பியது வடக்கு. வெனெத்தோ, பியேமொந்தே, ஃபிரியூலி பகுதி விவசாயிகள். அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்து இறங்கி 1880களில் ஐரோப்பாவில் தானிய விலை சரிந்தது. மாவரைக்கக்கூட வரி கட்டிய காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. பிரேசில் 1888ல் அடிமைமுறையை ஒழித்ததும் அங்கே காபித் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. பயணச்சீட்டு இலவசம் என்று வெனெத்தோவில் கிராமம் கிராமமாகச் சொல்லி ஆள் பிடித்தார்கள். அங்கே போனவர்கள் பட்ட பாட்டைப் பார்த்து, 1902ல் இத்தாலிய அரசே அப்படிப்பட்ட இலவசப் பயணத்தைத் தடைசெய்யும்படி ஆனது. தெற்கு பெரிய அளவில் கிளம்பியது வடக்குக்குப் பிறகுதான், ஆனால் கிளம்பியபோது வெள்ளமாகக் கிளம்பியது.

இவர்கள் எந்த மொழியில் பேசினார்கள்? இத்தாலியன் என்று சொல்லிவிட முடியாது. நாடு ஒன்றானபோது மக்களில் இத்தாலியன் பேசத் தெரிந்தவர்கள் 2.5 சதவீதம்தான் என்று மொழியியலாளர் துல்லியோ தெ மௌரோ 1963ல் வெளியிட்ட மொழி வரலாற்று நூலில் கணக்கிட்டார். அது மிகக் குறைவு, பத்து சதவீதத்தை ஒட்டி இருக்கலாம் என்று வாதிட்டவர்களும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் பத்தில் ஒன்பது பேர் வீட்டில் பேசியது வெனெத்தோ மொழி, நாப்போலி மொழி, சிசிலி மொழி. எழுத்தறிவில்லாதவர்கள் முக்கால்வாசிக்கும் மேல். தெ மௌரோவின் நூலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஊரைவிட்டுப் போனதுதான் பலருக்கு எழுத்தின் தேவையைக் காட்டியது என்கிறார். கடிதம் எழுத வேண்டும், வந்த கடிதத்தைப் படிக்க வேண்டும், ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். 1917ல் அமெரிக்கா, படிக்கத் தெரிந்தவர்களைத்தான் உள்ளே விடுவேன் என்று சட்டம் போட்டபோது அது இன்னும் அவசரமானது. பள்ளிக்கூடம் செய்ய முடியாததைக் கப்பல் செய்தது.

சரி, புத்தகங்களுக்கு வருவோம்.

முதலில் எழுதியவர்கள் கரையில் நின்று பார்த்தவர்கள். அவர்களில் முக்கியமானவர் எட்மொண்டோ தே அமீச்சிஸ். 'கடலின் மேல்' என்று பொருள்படும் அவருடைய 1889ஆம் ஆண்டுப் புத்தகம், ஜெனோவாவிலிருந்து தென்னமெரிக்காவுக்கு அவர் 1884ல் கப்பலில் போன அனுபவம். அவர் முதல் வகுப்பு. கீழே மூன்றாம் வகுப்பில் 1,600 பேர். தினமும் அவர் மேல்தளத்திலிருந்து இறங்கிவந்து அவர்களைப் பார்க்கிறார், பேச்சுக் கொடுக்கிறார், குறிப்பெடுக்கிறார், மறுபடி மேலே போய்ச் சாப்பிடுகிறார். இதில் அவருக்கே ஒரு கூச்சம் இருக்கிறது. நன்றாக உடுத்திய ஒருவர் கீழே வந்தால் அந்த ஜனங்களின் முகம் எப்படி இறுகுகிறது என்பதை அவர் மறைக்கவில்லை. அந்தக் கூச்சத்துக்காகவே இந்தப் புத்தகத்தை இன்றும் படிக்கலாம். மூன்று வருஷம் முன்பு அவர் எழுதிய, பள்ளிப் பிள்ளைகளுக்கான 'இதயம்' இதைவிடப் பல மடங்கு புகழ்பெற்றது. அர்ஜென்டினாவுக்கு வேலைக்குப் போன அம்மாவைத் தேடி ஜெனோவாவிலிருந்து தனியாகப் போகும் பதின்மூன்று வயது மார்க்கோவின் கதை அதில்தான் வருகிறது. ஜப்பானியர்கள் 1976ல் அதைக் கார்ட்டூன் தொடராகவே எடுத்தார்கள். கண்ணீர் கொஞ்சம் அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

ஜோவன்னி பாஸ்கோலி வேறு மாதிரி. கவிஞர், லத்தீன் அறிஞர். 1904ல் அவர் வெளியிட்ட நீள்கவிதைக்கு இத்தாலிய மொழியில் பெயர் வைக்காமல் 'இட்டலி' (Italy) என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்தார். அமெரிக்காவின் ஒஹையோவிலிருந்து டஸ்கனி மலைக்கிராமத்துக்கு ஒரு குடும்பம் திரும்பி வருகிறது. கூடவே நெஞ்சுநோய் கொண்ட ஒரு சிறுமி. அவளுடைய பெயர் மரியா, ஆனால் எல்லோரும் மோலி என்கிறார்கள். பனி பெய்கிறது. வீடு புகைகிறது. 'மோசமான நாடு, ஜோ, உன் இத்தாலி' என்று வந்தவர்களின் வாயிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து விழுகிறது. பாட்டிக்கு அது புரியவில்லை. பேத்திக்குப் பாட்டி பேசுவது புரியவில்லை.

இந்தக் கவிதையின் அதிசயம் அதன் சொற்கள்தான். பிசினெஸ் என்பது 'பிசினி'. பழக்கடை 'ஃபுருத்திஸ்தெந்தோ'. கப்பல் டிக்கெட் 'திக்கெத்தா'. போனவர்கள் அங்கே கேட்ட ஆங்கிலத்தைத் தங்கள் நாக்குக்கு ஏற்றபடி உருட்டி, வால் ஒட்டி, ஊருக்குக் கொண்டுவந்த சொற்கள். தாந்தே எழுதிய அதே மூன்றடி யாப்பில் பாஸ்கோலி இவற்றைக் கோத்தார். எழுதத் தெரியாதவர்கள் உருவாக்கிய ஒரு மொழி அச்சில் ஏறியது. கடைசியில் சிறுமி பிழைத்துக்கொள்கிறாள், பாட்டி இறந்துபோகிறாள். குடும்பம் மறுபடி கிளம்பும்போது ஊர்ப் பிள்ளைகள் மோலியிடம், திரும்பி வருவாயா என்று கேட்கிறார்கள். அவள் 'யெஸ்' என்று சொல்லவில்லை. இத்தாலியனில் 'ஸீ' என்கிறாள்.

பார்த்து எழுதியவர்களில் எல்லோருக்கும் மேலானவர் கார்லோ லேவி. வடக்கே தூரின் நகரத்துக்காரர். மருத்துவம் படித்தவர், ஆனால் ஓவியர். முசோலினி ஆட்சிக்கு எதிராக வேலை செய்ததற்காக 1935ல் அவரைத் தெற்கே லூக்கானியா பகுதிக்கு நாடு கடத்தினார்கள். நாடு கடத்தியது நாட்டுக்குள்ளேயே! அலியானோ என்ற களிமண் குன்றின் மேல் ஒரு கிராமம். ஊரைத் தாண்டக் கூடாது. அவர் போடும் கடிதங்களை ஊர்த்தலைவர் படித்துப் பார்ப்பார். அங்கே கண்டதை அவர் 1943, 44ல் ஃபுளோரன்ஸில் ஒளிந்திருந்தபோது எழுதினார். 'கிறிஸ்து எபோலியோடு நின்றுவிட்டார்' 1945ல் வெளியானது. எபோலி என்பது ஓர் ஊர். கடற்கரையை விட்டு உள்நாட்டு மலைகளுக்குப் பாதை பிரியும் இடம். அதற்கு அப்பால் கிறிஸ்து வரவில்லை என்பது அந்த ஜனங்களே சொல்வது. அவர்களுடைய பேச்சில் 'கிறிஸ்தவன்' என்றால் மனுஷன். எங்களை மனுஷனாக யாரும் மதிக்கவில்லை என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

இந்தப் புத்தகம் வறுமையைப் பற்றியது என்றும், பாசிசத்தைப் பற்றியது என்றும் சொல்வார்கள். எனக்கு இது அமெரிக்காவைப் பற்றிய புத்தகம். ஊரில் இருப்பவர்கள் 1,200 பேர், அமெரிக்காவில் இருக்கும் அவ்வூர்க்காரர்கள் 2,000 பேர் என்கிறார் லேவி. வீடு வீடாக நோயாளிகளைப் பார்க்கப் போகிறார். எல்லா வீட்டுச் சுவரிலும் இரண்டே படங்கள். ஒன்று விஜ்ஜானோ ஊர்க் கருப்பு மாதா. மற்றொன்று மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் சிரிக்கும் ஜனாதிபதி ரூஸ்வெல்ட். அரசர் படம் இல்லை, முசோலினி படம் இல்லை, கரிபால்டிகூட இல்லை. ரோம் அவர்களுக்குத் தலைநகரம் கிடையாது. வரி வசூலிக்க ஆள் அனுப்பும் இடம். தலைநகரம் என்று ஒன்று இருந்தால் அது நியூயார்க். பழைய கதிரில் நூல் நூற்கும் பெண்கள் அந்த நூலைப் பளபளக்கும் பிட்ஸ்பர்க் கத்தரிக்கோலால் வெட்டுகிறார்கள். விவசாயிகள் அளப்பது பவுண்டிலும் அங்குலத்திலும்.

அதே ஊரில் 'அமெரிக்கர்கள்' இருந்தார்கள். சம்பாதித்துத் திரும்பியவர்கள். 1929ல் அமெரிக்கச் சந்தை சரிந்த சமயத்தில் ஊருக்கு வந்து, ஒரு துண்டு நிலம் வாங்கி, மாட்டிக்கொண்டவர்கள். ஐந்து வருஷத்தில் அவர்களும் மற்றவர்கள் மாதிரியே ஆகிவிடுகிறார்கள். அமெரிக்காவில் பத்து வருஷம் இருந்த தடயம் முகத்தில்கூடத் தெரியாமல் போய்விடுகிறது. லேவி 1975ல் இறந்தார், அலியானோ கல்லறையில்தான் புதைத்தார்கள். தண்டனையாகப் போன ஊர் அது.

இதுவரை சொன்னவர்கள் யாரும் மண் சுமந்தவர்கள் இல்லை. அடுத்து வருவது பிள்ளைகள். அமெரிக்காவில் பிறந்து, அங்கே பள்ளிக்குப் போய், ஆங்கிலத்தில் எழுதியவர்கள்.

அவர்கள் பிறந்த அமெரிக்கா அவர்களுடைய பெற்றோரை எப்படிப் பார்த்தது என்று தெரிந்தால்தான் அந்தப் புத்தகங்களின் சூடு புரியும். 1891ல் நியூ ஆர்லியன்ஸில் ஒரு கும்பல் சிறைக்குள் புகுந்து 11 இத்தாலியர்களைக் கொன்றது. அமெரிக்கக் குடியேற்ற அதிகாரிகள் 1899 முதல் வட இத்தாலியர், தென் இத்தாலியர் என்று இரண்டு இனமாகப் பிரித்துப் பதிவு செய்தார்கள். 1911ல் வந்த அமெரிக்க நாடாளுமன்றக் குழு அறிக்கை அந்தப் பிரிவினைக்கு விஞ்ஞானச் சாயமும் பூசியது. வேடிக்கை என்னவென்றால் அந்தச் சாயத்தைக் கலக்கிக் கொடுத்ததில் தென்னாட்டவரைக் கீழாக நினைத்த இத்தாலிய மானுடவியலாளர்களுக்கும் பங்கு உண்டு. 1924ல் வந்த சட்டம் இத்தாலிக்கு ஆண்டுக்கு 3,845 பேர் என்று ஒதுக்கீடு வைத்து வாசலைச் சாத்தியது.

பியேத்ரோ தி தொனாத்தோவின் அப்பா அப்ரூத்ஸோ பகுதியிலிருந்து போன கொத்தனார். 1923ல் புனித வெள்ளியன்று புரூக்ளினில் கட்டிக்கொண்டிருந்த கட்டடம் சரிந்து, ஈரக் கான்கிரீட்டில் புதைந்து இறந்தார். மகனுக்கு அப்போது 11 வயது. குடும்பத்துக்கு மூத்தவன். அப்பாவின் கரண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனான். 1939ல் அந்தக் கொத்தனார் பையன் எழுதிய 'கான்கிரீட்டில் கிறிஸ்து' வெளியானது. அந்த வருஷம் அமெரிக்காவின் பெரிய புத்தகச் சங்கமான புக் ஆஃப் தி மந்த் கிளப்பின் தேர்வாகி ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் போனது.

முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டு நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் தொடர முடிந்தது. சாவு அவ்வளவு நிதானமாக எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் இந்த நாவலின் பெரிய சாதனை வேறு. அதன் ஆங்கிலம் ஆங்கிலம் மாதிரி இருக்காது. அப்ரூத்ஸோ பேச்சைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கி, வாக்கிய முறிவுகளோடு அப்படியே விட்டிருக்கிறார். எழுதத் தெரியாத அப்பாக்களின் குரல் முதல்முறையாக அவர்களுடைய மூச்சோடு காகிதத்தில் வருகிறது. பாஸ்கோலி இத்தாலிய யாப்புக்குள் ஆங்கிலத்தை நுழைத்தார் என்றால் இவர் ஆங்கிலத்துக்குள் இத்தாலிய ஊர்ப்பேச்சை நுழைத்தார். விபத்து நஷ்டஈட்டு விசாரணைக் காட்சி ஒன்று வருகிறது. விதவைக்கு அங்கே நடப்பது ஒன்றும் புரியாது. நமக்குப் புரியும். அது போதும்.

அப்புறம் மாரியோ பூசோ. 'காட்ஃபாதர்' மூலம்தான் நம்மில் பலர் இத்தாலியர்களை அறிந்தோம். நியாயமாகப் பார்த்தால் முதலில் படிக்க வேண்டியது அதற்கு நான்கு வருஷம் முன்பு, 1965ல் வந்த 'பேறுபெற்ற யாத்ரிகர்'. நியூயார்க்கின் பத்தாவது அவென்யூவில் பிள்ளைகளை வளர்க்கும் லூசியா சாந்தா என்ற தாயின் கதை. விமர்சகர்கள் பாராட்டினார்கள், யாரும் வாங்கவில்லை. பூசோவுக்கு அப்போது 20,000 டாலர் கடன். காசுக்காக ஒரு மாஃபியா கதை எழுதலாம் என்று உட்கார்ந்தார். மற்றது ஊருக்கே தெரியும். பின்னாளில் ஒரு முன்னுரையில் அவரே சொன்னார்: காட்ஃபாதர் வாயைத் திறக்கும்போதெல்லாம் தன் மனதில் கேட்டது தன் அம்மாவின் குரல் என்று. அந்த மிரட்டலும் கரிசனமும் சமையலறையிலிருந்து வந்தவை. ஆனால் அந்தப் புத்தகம் விற்ற விற்பனையில், உழைத்துச் செத்த லட்சக்கணக்கானவர்கள் மறைந்து துப்பாக்கி பிடித்த சில நூறு பேர் மட்டும் உலகத்தின் கண்ணில் நின்றுவிட்டார்கள். பூசோவை இதற்காகத் திட்டுவதா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் திசை மாறியது. பெல்ஜியம், சுவிட்சர்லாந்து, ஜெர்மனி. 1946ல் இத்தாலியும் பெல்ஜியமும் போட்ட ஒப்பந்தத்தில் சுரங்கத்துக்கு 50,000 ஆட்கள் அனுப்புவதாகவும் பதிலுக்கு நிலக்கரி தருவதாகவும் பேச்சு. ஆளுக்குக் கரி. 1956 ஆகஸ்ட் 8ஆம் தேதி மார்சினெல் சுரங்கத் தீயில் இறந்த 262 பேரில் 136 பேர் இத்தாலியர்கள். சுவிட்சர்லாந்திலிருந்த இத்தாலியத் தொழிலாளர்களைப் பற்றிய ஒரு நூலுக்கு 1965ல் சுவிஸ் எழுத்தாளர் மாக்ஸ் ஃபிரிஷ் எழுதிய முன்னுரையில்தான், வேலையாட்களைக் கூப்பிட்டோம், மனிதர்கள் வந்துவிட்டார்கள் என்ற பொருளில் அந்தப் புகழ்பெற்ற வரி வருகிறது. அதே காலத்தில் தென்னாட்டவர்கள் நாட்டுக்குள்ளேயே தூரின், மிலானோ தொழிற்சாலைகளுக்கு ரயிலேறினார்கள். அங்கே வீட்டு வாசல்களில் 'தென்னாட்டவருக்கு வாடகைக்கு இல்லை' என்று பலகை தொங்கியது.

இந்தக் காலத்தின் முழுக் கசப்பையும் லெயோனார்தோ ஷாஷா சில பக்கங்களில் எழுதிவிட்டார். 'நெடும் பயணம்' என்ற சிறுகதை. சிசிலி விவசாயிகள் சிலர், கள்ளத்தனமாக அமெரிக்காவில் இறக்கிவிடும் ஏஜென்டிடம் ஆளுக்கு 2,50,000 லிரா பேசிக்கொள்கிறார்கள். கழுதை, நிலம், வீட்டுச் சாமான் எல்லாம் விற்ற காசு. நள்ளிரவில் படகேறி, 11 இரவு கடலில் சுற்றி, ஒரு ராத்திரி விளக்குகள் தெரியும் கரையில் இறங்குகிறார்கள். நியூஜெர்சி! இரண்டு பேர் சாலைக்கு ஏறிப் பார்க்கிறார்கள். நம்மூர் ஃபியட் 600 கார் போகிறது. ஆச்சரியப்பட்டு, இங்கே பணக்காரர்கள் பிள்ளைகளுக்கு இதை விளையாட வாங்கித் தருவார்கள் போல, நாம் சைக்கிள் வாங்கித் தருகிற மாதிரி என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். அடுத்து ஒரு கார் நிற்கிறது. ஓட்டுநர் சிசிலிப் பேச்சில் திட்டுகிறார். அதற்கு அப்புறம்தான் வழிகாட்டிப் பலகையில் பார்த்த ஊர்ப்பெயர்கள் ஏற்கெனவே கேட்டவை என்று உறைக்கிறது. 11 நாளும் தங்கள் தீவையே சுற்றியிருக்கிறார்கள்.

இங்கே ஒரு விதிவிலக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எழுதத் தெரியாதவர்களில் சிலர் பிடிவாதமாக எழுதினார்கள். வின்சென்சோ ராபித்தோ 1899ல் சிசிலியின் கியாரமொந்தே குல்ஃபியில் பிறந்தவர். பள்ளிக்குப் போகாமல், தானே தட்டுத் தடுமாறி எழுத்துக் கற்றவர். முதல் உலகப் போர், அபிசீனியா, ஜெர்மனி என்று பிழைப்புக்காக அலைந்து, சாலைப் பணியாளராக ஓய்வுபெற்றவர். 1968ல் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒலிவெத்தி தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்தார். ஏழு வருஷம். 1,027 பக்கம். வரி இடைவெளியே இல்லாமல், ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஓர் அரைப்புள்ளி. சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்துவிடாமல் இருக்க முட்டுக் கொடுத்த மாதிரி. இத்தாலியனும் இல்லை சிசிலியனும் இல்லை, ராபித்தோ மொழி. அவர் இறந்து பல வருஷம் கழித்து, சுருக்கப்பட்ட வடிவம் 'பித்துப் பிடித்த நிலம்' என்ற பொருளுள்ள பெயரில் 2007ல் புத்தகமானது.

அந்தக் கட்டு காப்பாற்றப்பட்டது டஸ்கனியில் பியேவே சாந்தோ ஸ்தேஃபனோ என்ற சிற்றூரில். ஜெர்மானியர்கள் 1944ல் கண்ணிவெடி வைத்துத் தரைமட்டமாக்கிய ஊர். அங்கே 1984ல் சாதாரண மனிதர்களின் நாட்குறிப்புகளுக்காக ஓர் ஆவணக்காப்பகம் தொடங்கினார்கள். வருஷாவருஷம் பரிசும் உண்டு. 1947ல் சிசிலியிலிருந்து அமெரிக்கா போன தொம்மாசோ போர்தொனாரோவின் தன்வரலாறும் இந்த வழியாகத்தான் 1991ல் அச்சேறியது. அதே காப்பகத்தில் ஒரு படுக்கை விரிப்பு இருக்கிறது. மாந்தோவாப் பக்கத்து விவசாயப் பெண் கிளேலியா மார்க்கி, கணவன் இறந்த பிறகு, காகிதம் தீர்ந்துபோய், கல்யாண விரிப்பின் மேல் தன் வாழ்க்கையை எழுதினார். அவர் எங்கும் புலம்பெயரவில்லை, இந்தக் கட்டுரைக்குச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

பிறகு பேரப்பிள்ளைகள் வந்தார்கள். மெலானியா மத்ஸூக்கோவின் 'வீத்தா' என்ற நாவல் 2003ல் இத்தாலியின் பெரிய இலக்கியப் பரிசான ஸ்த்ரேகாவைப் பெற்றது. 1903ல் பன்னிரண்டு வயதுப் பையனும் ஒன்பது வயதுப் பெண்ணும் தனியாக நியூயார்க்கில் இறங்குகிறார்கள். பையன், எழுதுபவரின் தாத்தா. வீட்டில் சொல்லப்பட்ட கதைகளை வைத்துக்கொண்டு, கப்பல் பயணிகள் பட்டியலையும் பழைய செய்தித்தாள்களையும் அவர் தோண்டுகிறார். குடும்பக் கதையும் ஆவணமும் பல இடத்தில் ஒத்துப்போவதில்லை. அந்த முரண்பாட்டையே நாவலாக்கிவிட்டார். முழுக்கத் திருப்தி தந்ததா என்றால் இல்லை, நடுவில் தொய்கிறது. ஆனால் எழுத்து விட்டுப்போகாத ஒருவரைப் பேத்தி எப்படித் தேடுவாள் என்பதற்கு இதைவிட நேர்மையான புத்தகம் நான் படித்ததில்லை.

மத்ஸூக்கோவின் காலத்துக்குள் இத்தாலி தலைகீழாகியிருந்தது. 1991 ஆகஸ்டில் விலோரா என்ற ஒரே கப்பலில் ஏறத்தாழ 20,000 அல்பேனியர்கள் பாரி துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். கம்பத்திலும் கயிற்றிலும் ஆள் தொங்கிய அந்தப் புகைப்படம் பலரும் பார்த்ததுதான். ஜான் அந்தோனியோ ஸ்தெல்லா என்ற பத்திரிகையாளர் 2002ல் 'கூட்டம்' என்ற புத்தகம் எழுதினார். அதன் துணைத்தலைப்பு: 'நாமே அல்பேனியர்களாக இருந்தபோது'. அழுக்கர்கள், திருடர்கள், கத்தி எடுப்பவர்கள் என்று ஒரு காலத்தில் இத்தாலியர்களைப் பற்றி வெளிநாட்டுப் பத்திரிகைகள் எழுதியதையெல்லாம் தொகுத்துத் தன் நாட்டவர் முகத்துக்கு நேராகப் பிடித்தார். வரலாற்றாய்வாளரின் நிதானம் அதில் இல்லை. அது அவசரமாக, கோபமாக எழுதப்பட்டது, அப்படித்தான் வேலை செய்தது.

இப்போது இத்தாலிக்குள் வந்தவர்களின் புத்தகங்களைப் பாருங்கள். அங்கேதான் வேறுபாடு தெரிகிறது. 1989 ஆகஸ்டில் வில்லா லித்தெர்னோவில் தக்காளி பறித்துக்கொண்டிருந்த தென்னாப்பிரிக்க அகதி ஜெரி மாஸ்லோ சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த வருஷமே செனகல்காரர் பாப் கூமா, தெருவில் சாமான் விற்ற தன் அனுபவத்தை ஓர் இத்தாலியப் பத்திரிகையாளரோடு சேர்ந்து 'யானை விற்பவன் நான்' என்ற புத்தகமாக்கினார். தங்கள் கதையைத் தாங்களே எழுத இத்தாலியர்களுக்கு ஒரு தலைமுறையும் அதற்கு மேலும் ஆனது, இவர்களுக்கு அது சில வருஷத்தில் முடிந்தது. காரணம் எளிது. இவர்கள் படித்துவிட்டு வந்தவர்கள். பிரெஞ்சும் அரபியும் தெரிந்தவர்கள், அதன் மேல் இத்தாலியனையும் ஏற்றிக்கொண்டார்கள்.

அல்ஜீரியாவில் பிறந்த அமாரா லக்கூஸ் தன் நாவலை முதலில் அரபியில் எழுதி, பிறகு அதையே இத்தாலியனில் மறுபடி எழுதினார். ரோமின் பியாத்ஸா வித்தோரியோவில் ஓர் அடுக்குமாடி வீட்டின் லிஃப்ட்டை வைத்து நடக்கும் சண்டை. 2006ல் வந்தது. லிஃப்ட்டில் ஒரு கொலை, ஆளாளுக்கு வாக்குமூலம். பீட்சாவைக் கண்டாலே பிடிக்காத ஈரானியச் சமையல்காரர், எல்லோரையும் சந்தேகப்படும் நாப்போலிக்காரி வாயிற்காவலர், ரோம்காரர்களையே நாகரிகமற்றவர்கள் என்று திட்டும் மிலானோ பேராசிரியர். வெளியிலிருந்து வந்தவரின் காதுக்குத்தான் இத்தாலியர்கள் ஒருவரையொருவர் இன்னும் வெளியூர்க்காரராக நினைப்பது இவ்வளவு துல்லியமாகக் கேட்டிருக்கிறது. இந்த வரிசையில் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால் நான் இதைத்தான் கையில் கொடுப்பேன். சிறியது, சிரிக்க வைக்கும்.

ஜும்பா லாஹிரி 2012ல் ரோமுக்குப் போய் ஆங்கிலத்தை விட்டுவிட்டு இத்தாலியனில் எழுதத் தொடங்கியதும் இந்த வரிசையில் சேருமா? சேரும், ஆனால் அது பிழைப்புக்காக வந்த பயணம் இல்லை, மொழிக்காக வந்தது. எதிர்த்திசையில் நமக்கு ஒருவரைத் தெரியும். 1680ல் வட இத்தாலியின் காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியரேயில் பிறந்து, தமிழில் 'தேம்பாவணி' பாடிய பெஸ்கி என்ற வீரமாமுனிவர்.

ரோமில் சோமாலியப் பெற்றோருக்கு 1974ல் பிறந்த இஜாபா ஷேகோவின் 'சொசேஜ்கள்' என்ற சிறுகதை 2003ல் ஒரு பரிசு பெற்றது. குடியேறிகளிடம் கைரேகை எடுக்கச் சொல்லும் சட்டம் வந்த சமயம். முஸ்லிம் பெண்ணான கதைசொல்லி, தான் எவ்வளவு இத்தாலியள் என்று நிரூபிக்கப் பன்றி சொசேஜ் வாங்கிவந்து சமையலறையில் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். தின்றால் என் விரல் ரேகை இத்தாலிய ரேகை ஆகிவிடுமா?

அந்தக் கேள்வி சட்டத்திலும் அப்படியே நிற்கிறது. 1992ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, பியூனஸ் அயர்ஸில் பிறந்து இத்தாலியையே பார்க்காத ஒருவர், கொள்ளுத்தாத்தாவின் பிறப்புச் சான்றிதழைக் காட்டி இத்தாலியர் ஆக முடிந்தது. ரோமில் பிறந்து அங்கேயே பள்ளிக்குப் போகும் வெளிநாட்டவரின் பிள்ளை 18 வயது வரை காத்திருக்க வேண்டும். 2025ல் முதல் வழியைப் பெற்றோர், தாத்தா பாட்டி வரை என்று சுருக்கினார்கள். வெளிநாட்டவர் குடியுரிமை கேட்கப் பத்து வருஷம் வசிக்க வேண்டும் என்பதை ஐந்தாக்கலாமா என்று அதே ஆண்டு ஜூனில் பொதுவாக்கெடுப்பு வைத்தார்கள். பாதிப்பேராவது ஓட்டுப் போட்டால்தான் செல்லும். முப்பது சதவீதம் அளவுக்குத்தான் வந்தார்கள்.

சிசிலியர்கள் கப்பலேறிய துறைமுகங்களில் ஒன்று பலேர்மோ. 1980களிலிருந்து அந்த நகரத்தில் இலங்கைத் தமிழர்கள் வாழ்கிறார்கள். நகரின் காவல்தெய்வமான சாந்தா ரொசாலியாவைக் கும்பிட பெல்லெக்ரீனோ மலை ஏறுபவர்களில் தமிழ் இந்துக்களும் உண்டு. அங்கே வளர்ந்த பிள்ளைகள் பேசுவது பலேர்மோ வீதிப் பேச்சு.

பியேவே சாந்தோ ஸ்தேஃபனோ காப்பகம் இப்போது வேறொரு போட்டியிலும் சேர்ந்திருக்கிறது. இத்தாலிக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் தங்கள் கதையைத் தாங்களே சொல்லி அனுப்புவதற்கான போட்டி. கையெழுத்து, குரல்பதிவு, புகைப்படம், எந்த வடிவிலும் அனுப்பலாம். ராபித்தோவின் அரைப்புள்ளிகளும் கிளேலியாவின் விரிப்பும் இருக்கும் அந்த ஊருக்கே அவையும் வந்து சேர்கின்றன.